அண்டாப் பங்கு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்று நான் சொல்லிக்கொள்வேன்; அது அவ்வளவு லேசில் போகாது என்று என் கணவர் சொல்வார். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனி ஆபீஸில், லாரி டிரைவர்களோடும் குடோன்காரர்களோடும் போனில் மல்லுக்கட்டியே காலம் தள்ளியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு மில்லர்புரத்து வீட்டில் மல்லுக்கட்ட ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அவரும் பேப்பரை விரித்து அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வார். அதனால்தான், மிஞ்சுகிற சாப்பாட்டை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கொடுக்கும் அந்த அமைப்பில் சேர்ந்தேன். தர்ம சிந்தனை என்று சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள்.

பெரிய அமைப்பெல்லாம் இல்லை. ஊரில் சில பேர் கூடி நடத்துவது. கல்யாணம், சடங்கு, பதினாறாம் நாள் விசேஷம் என்று எந்த வீட்டில் சமையல் மிஞ்சினாலும் போன் செய்தால் போய் எடுத்துக்கொள்வோம். இலையில் பரிமாறியதைத் தொட மாட்டோம். சமையல்கட்டில் பாத்திரத்தில் இருப்பது மட்டும்தான். போன் எடுப்பதும் ருசி பார்ப்பதும் என் வேலை. ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு வாய் நான் சாப்பிட்டு, சரி என்று சொன்ன பிறகுதான் வண்டியில் ஏறும். தேங்காய் சேர்ந்த அவியல், சொதி எல்லாம் உச்சி வெயிலுக்குப் பிறகு என் கையால் ஏறியதே இல்லை. இதற்காகச் சமையல்காரர்கள் என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வண்டி, அண்ணாச்சியுடையது. பலசரக்குக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் எங்களோடு சேர்ந்தவர். கடைக்குச் சரக்கு எடுத்த குட்டியானை லோடு வண்டியை அவரே ஓட்டுவார். நான் எவ்வளவு கத்தினாலும் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் அமைப்பு இத்தனை நாள் உடையாமல் இருப்பதற்கு அந்த வெற்றிலைதான் காரணம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம். முகூர்த்த நாள். இரண்டு மண்டபங்களில் எடுத்த சோறும் சாம்பாரும் கூட்டும் வண்டி நிறைய இருந்தது. வழக்கம்போல அரசு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனால், எங்களுக்கு முன்பே யாரோ பிறந்தநாள் என்று பிரியாணி கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிரியாணி சாப்பிட்டவனிடம் சாம்பார் சாதத்தை நீட்டினால் அவன் நம்மைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். வெயிலோ கொளுத்துகிறது. சோறு காத்திருக்காது.

“தருவைகுளம் ரோட்டுல கடக்கரையில ஒரு சின்ன ஊரு இருக்கு,” என்றார் அண்ணாச்சி. “நம்ம கடையில சாமான் வாங்குத ஆளுகதான். இப்போ தடைக்காலம்லா, போட்டெல்லாம் கரையிலதான் கெடக்கு. அங்கன போவமா?”

மீன் முட்டையிடும் காலம் என்று இரண்டு மாதம் விசைப்படகுகளைக் கடலுக்குப் போகவிட மாட்டார்கள். அரசாங்கம் கொடுக்கும் நிவாரணம் கையில் வரும்போது வரும். அதுவரை அந்த வீடுகளில் எப்படி அடுப்பெரிகிறது என்று நான் அதற்கு முன் யோசித்ததில்லை. மீன் விலை ஏறிவிட்டது என்று புலம்பியதோடு சரி.

அந்த ஊருக்குள் போய் இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வலை சரிபார்க்கும் கொட்டகையின் நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் ஆபீஸ் குரலில், “கல்யாணச் சாப்பாடு கொண்டு வந்திருக்கோம். பாத்திரம் எடுத்துட்டு வரிசையா வாங்க,” என்றேன். ஒருவரும் அசையவில்லை. சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். என் சத்தம் கேட்காமல் போக வாய்ப்பே இல்லை என்று பிறகு அண்ணாச்சி சொன்னார்.

ஒரு பெண்மணி எழுந்து வந்தார். என்னைவிட மூத்தவர், நல்ல உயரம். ஊரே அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டது. கணவரும் இரண்டு மகன்களும் கடலுக்குப் போகிறவர்கள், சொந்தப் படகு உண்டு. கரைக்கு வரும் மீனை வீடுகளுக்குக் கூறு போட்டுக் கொடுப்பது அவர் கை என்று அண்ணாச்சி காதில் சொன்னார்.

“யாரு வீட்டுக் கல்யாணம்?” என்று கேட்டார் பெரியக்கா.

சொன்னேன்.

“எங்கள யாரும் கூப்பிடலியே.”

எனக்கு எரிச்சலாக வந்தது. கூப்பிட்டால் என்ன, கூப்பிடாவிட்டால் என்ன, சோறு கெட்டுப்போய்விடும் என்றேன். கெடட்டும் என்பதுபோல அவர் நின்றார். இதற்குள் அண்ணாச்சி சாம்பார் பாத்திரத்தைத் தனியாக இறக்கப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “ஏளா, யாராவது ஒரு கை புடிங்களா,” என்று கத்தினார். அவ்வளவுதான். கொட்டகையில் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து ஓடி வந்தார்கள். ஒருத்தி வண்டிமேல் ஏறினாள். ஆளுக்கொரு வளையத்தைப் பிடித்தார்கள். நான் சேலையைச் சொருகிக்கொண்டு திரும்புவதற்குள் பாத்திரங்கள் எல்லாம் கொட்டகைக்குள் போய்விட்டன.

“இப்போ பங்கு போடலாம்,” என்றார் பெரியக்கா.

படகில் வருவதைப் பங்கு போடும் முறையில்தான் அதையும் போட்டார். கடலுக்குப் போன ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பங்கு உண்டு. அது போக, போய் வந்த படகுக்கும் பங்கு உண்டு, வலைக்கும் உண்டு, எஞ்சினுக்கும் உண்டு. அதுபோல, இறக்கிய பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு, அண்ணாச்சிக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு, குட்டியானைக்கு ஒரு பங்கு. வண்டி எங்கே சாப்பிடப்போகிறது என்று கேட்டேன். “அது பாட்ட அது பாத்துக்கிடும்,” என்றார். அண்ணாச்சி வாயெல்லாம் பல்லாக வண்டியின் பங்கை வாங்கி முன்சீட்டில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அவருக்குக் கணக்கு. என் பங்கை வேண்டாம் என்றேன். பெரியக்கா எல்லாப் பாத்திரங்களையும் மூட ஆரம்பித்தார். “ஐயோ, குடுங்க,” என்று வாங்கிக்கொண்டேன். மொய் எழுதாமல் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுகிறோம் என்று அன்று ராத்திரி என் கணவருக்கு ஒரே கொண்டாட்டம்.

எனக்கு அந்தப் பங்கு முறை பிடிக்கவில்லை. ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கும் ஒரு பங்கு, இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கும் ஒரு பங்கா? பசி வயிற்றுக்கு வருகிறதா, கைக்கு வருகிறதா? அடுத்த தடவை போனபோது பெரியக்காவிடம் இதைக் கேட்டேவிட்டேன்.

“ஆறு பேரு இருந்தா ரெண்டு பேரு வந்து தூக்கட்டும்,” என்றார்.

“தூக்க முடியாதவங்க என்ன செய்வாங்க?”

“அப்படி யாரு இருக்கா இங்கன?”

அவர் கேட்டு வாய் மூடவில்லை, அப்படி ஒருத்தி வந்தாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மெலிந்த உடம்பு. சாம்பார் பாத்திரத்தின் ஒரு வளையத்தை அவள் பிடித்தாள், மறு வளையத்தை இன்னொருத்தி. நாலு எட்டு வைத்திருப்பார்கள். இவள் பக்கம் தாழ்ந்தது. “அம்மா” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாதிச் சாம்பார் மணலில் போனது. யாரும் அவளை ஏசவில்லை. பெரியக்கா பங்கு போடும்போது அவளுக்கும் ஒன்று எடுத்து வைத்தார். அவள் அதை வாங்கவில்லை. “நான் தூக்கலியே அக்கா,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். மெதுவாக, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு போனாள்.

கொட்டகையில் இருந்தவர்கள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அவள் புருஷன் முதலில் இந்த ஊர்ப் படகில் மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர். பிறகு சங்கு குளிப்பில் நல்ல வரும்படி என்று தூத்துக்குடி டவுன் படகுக்குப் போய்விட்டார். காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு கடலடியில் நெடுநேரம் இருந்து சங்கு பொறுக்குகிற வேலை; அப்படிப் போகிறவரைக் குளியாள் என்பார்கள். மேலே வரும்போது மெதுவாக வர வேண்டும். ஒருநாள் என்ன அவசரமோ, வேகமாக வந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஒரு வருடத்துக்கு மேல் படுக்கைதான். அவரைத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்டி அவளுக்கு முதுகு போய்விட்டது. இறால் உரிக்கும் கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தடைக்காலத்தில் அதற்கும் இறால் வரத்து இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. என் பங்கை ஒரு தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தெருக்கோடியில் ஓட்டு வீடு. உத்தரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. அதைப் பிடித்து அவர் திரும்பிப் படுப்பாராம். பெரியவள் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள், சின்னவள் அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். மூலையில் அடுப்பு; அன்றைக்கு அது எரிந்த மாதிரி தெரியவில்லை. மதியம் என்ன சாப்பிட்டாய் என்று சின்னவளைக் கேட்டேன். “வரக்காப்பியும் பன்னும்,” என்றாள். அவள் அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

நான் தூக்குவாளியை நீட்டினேன். “இது என் பங்கும்மா. எங்க வீட்டுல சாப்பிட ஆள் இல்ல.”

“அக்கா, தப்பா நெனைக்காதீய,” என்றாள் அவள். “தூக்குனா நான் கேட்டு வாங்கிக்கிடுவேன். தூக்காம வாங்கிப் பழகிட்டேன்னா அப்புறம் எனக்கு இந்தக் கரையில நிக்க எடம் இருக்காது. என் பிள்ளையளுக்கும் இருக்காது.”

“பிள்ளைங்க பசியோட இருக்காங்களே!”

“எனக்குத் தெரியாதா?”

அவள் சத்தம் போடவில்லை, முகம் கோணவில்லை. கட்டிலில் கிடந்தவர் சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தூக்குவாளியோடு திரும்பி வந்தேன்.

வழி நெடுக அண்ணாச்சியை ஏசிக்கொண்டு வந்தேன். வீம்பு, திமிர், பிடிவாதம், பிள்ளைகளைப் பட்டினி போடுகிற மானம் என்ன மானம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “இதுக்கு என்னைய எதுக்கு ஏசுதீய?” என்றார். அதற்கும் சேர்த்து ஏசினேன். வீட்டுக்கு வந்து தூக்குவாளியைத் திறந்தபோது அழுகை வந்தது. அந்தச் சோற்றை நான் சாப்பிடவில்லை. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு தடவையாவது அந்த ஊருக்குப் போனோம். ஒவ்வொரு தடவையும் என் கண் தெருக்கோடிக்குத்தான் போகும். அவளுக்கு ஒரு பங்கு சேர வேண்டும், அதை அவள் வாங்க வேண்டும். எனக்கு அந்த ஒரு யோசனைதான். ஒருநாள் தந்திரமாக அவளைக் கூப்பிட்டு அப்பளக் கூடையை இறக்கச் சொன்னேன். வந்து இறக்கினாள். பங்கு போடும் நேரத்தில் சிரித்துக்கொண்டே, “அப்பளத்தத் தூக்குனதுக்கு ஒரு பங்கா? சின்னப் பிள்ளைய வெளையாட்டுல சேத்துக்கிட்ட மாதிரில்லா இருக்கு,” என்று சொல்லிவிட்டு, ஒரே ஓர் அப்பளத்தை மட்டும் எடுத்து இரண்டாக உடைத்துக்கொண்டு போனாள். கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஊர்ப் பெண்களும் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. அவரவர் வீட்டுக் குழம்பைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள்தான். முதலில் வாங்கினாளாம். திருப்பிக் கொடுக்கிற கிண்ணத்தில் போட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் போனதும் வாங்குவதை நிறுத்திவிட்டாளாம். “காலிக் கிண்ணத்த எப்படிக்கா குடுக்க?” என்று கேட்டாளாம். இதைச் சொன்ன பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வைகாசியில் காயல்பட்டினத்திலிருந்து ஒரு போன் வந்தது. வளைகுடாவிலிருந்து பிள்ளை கல்யாணத்துக்காக வந்திருக்கும் ஒருவர். மறுநாள் விருந்து. நெய்ச்சோறும் கறியும் கண்டிப்பாக மிஞ்சும், வீணாக்குவது பாவம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒன்றே ஒன்றுதான்: பாத்திரங்கள் பொதுப் பாத்திரங்கள், அடுத்த வீட்டு விருந்துக்கு உடனே போக வேண்டும், அதனால் உங்கள் பாத்திரம் கொண்டு வாருங்கள் என்றார். எங்களிடம் இருந்தது சில வாளிகளும் இரண்டு தூக்குகளும். வாடகைக்குக் கேட்டால் முகூர்த்த நாள், ஒரு கடையிலும் பாத்திரம் இல்லை. நேராகப் பெரியக்காவிடம் போனேன். கோயில் அண்டாக்கள் எல்லாம் வேறோர் ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தன.

நாங்கள் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டு குளியாள் மனைவி குழாயடியில் குடத்தோடு நின்றாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

“எங்கிட்ட ஒரு அண்டா இருக்கு,” என்றாள். “எங்க அம்மா சீரா குடுத்தது. அவுகளக் குளிப்பாட்டத் தண்ணி நெறைச்சு வச்சிருக்கேன். புளி போட்டுத் தேச்சுத் தாரேன். ஒரு மூட்டை அரிசி வேகும் அதுல.”

“ரொம்ப நல்லதும்மா, குடு,” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பெரியக்காவைப் பார்த்தாள். “அண்டாப் பங்கு வேணும்.”

பெரியக்கா வலை ஊசியைக் கீழே வைத்தார்.

“அண்டாவுக்கா?”

“போட்டுக்குப் பங்கு உண்டுலா? வலைக்கு உண்டுலா? அண்ணாச்சி வண்டி சும்மா வெயில்ல நின்னுக்கிட்டு பங்கு வாங்குதுல்லா? சோறு இதுலதான வருது?”

“அரைப் பங்கு தாரேன்,” என்றார் பெரியக்கா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மெய்யாகவே பேரம் பேசினார்.

“எதுக்கு அரை? போன வருசம் ஒங்க போட்டு ஓட்டையா கெடந்து தண்ணி எறைச்சுக்கிட்டே போய் வந்துச்சு. அதுக்கு முழுப் பங்குதான எடுத்தீய? என் அண்டா ஒழுகாதுக்கா.”

பெரியக்காவின் மருமகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லோரும். பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. “சரிளா. முழுப் பங்கு,” என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்து, “சும்மா இருங்க, கெடுத்துராதீய,” என்றார்.

மறுநாள் அந்த அண்டாவைப் பார்த்துக் காயல்பட்டினத்துக்காரரே அசந்துவிட்டார். பொன்னாக மின்னியது. நெய்ச்சோறு அதில் வந்தது, கத்திரிக்காய் மாங்காய்க் கூட்டு வாளிகளில் வந்தது, கறி தூக்குகளில் வந்தது. நான் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் ருசி பார்த்தேன். அந்தக் கறியில் இரண்டு வாய். கொட்டகையில் எட்டுப் பெண்கள் சேர்ந்து அண்டாவை இறக்கினார்கள். அவள் தூக்கவில்லை. அண்டாவுக்குச் சொந்தக்காரியாக, கையைக் கட்டிக்கொண்டு, “பாத்து, பாத்து, நெளிச்சுராதீய,” என்று அதட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். பெரியக்கா பங்கு போட்டார். ஆளுக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, அண்டாவுக்கு ஒன்று. அவள் வாங்கிக்கொண்டு போனாள். தெருக்கோடியில் சின்னவள் “ஏ, கறி!” என்று கத்தியது கொட்டகை வரை கேட்டது. எல்லோரும் குனிந்து அவரவர் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். என் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? திரும்பி வரும்போது வழி முழுக்க நான் யாரையும் ஏசவில்லை. உடம்புக்கு என்ன என்று அண்ணாச்சி கேட்டார்.

அதற்குப் பிறகு அந்த அண்டா இல்லாமல் நாங்கள் அந்தப் பக்கம் போனதில்லை. வாளிகளே போதும் என்கிற நாளிலும் அண்டாவில்தான் சோறு வந்தது. பெரியக்காவுக்கும் அது தெரியும். கேட்கவில்லை. அவளும் வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் கரைக்கு வர ஆரம்பித்தாள். வலைக் கொட்டகையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். கரையில் அவள் சத்தமாகச் சிரித்து ஒரு வருடம் ஆயிற்று என்று ஒருத்தி சொன்னாள்.

இதனால் நான் மனம் மாறி அவர்கள் முறைக்குக் கும்பிடு போட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வாய்க்குத் தக்கதாகத்தான் சோறு கொடுக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். வீட்டில் அண்டா இல்லாதவள் என்ன செய்வாள் என்று பெரியக்காவிடம் கேட்டும் விட்டேன். “ஒங்களுக்குச் சண்டை போடாம இருக்க முடியாதா?” என்று கேட்டார்.

வைகாசி முடிந்தது. தடைக்காலமும் முடியப்போகிறது. ஊர் முழுக்கச் சாயம், டீசல் வாடை. படகுகளுக்கு மாலை போட்டு, மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்துவிட்டுப் போனார். எல்லோர் முகத்திலும் வெளிச்சம். எனக்கு மட்டும் கவலை. படகுகள் கடலுக்குப் போய்விட்டால் எங்கள் வண்டிக்கு அந்த ஊரில் வேலை இல்லை. ஆனியில் ஒன்றிரண்டு முகூர்த்தம் இருந்தாலும் ஆடி வந்துவிட்டால் மண்டபங்களில் சமையலே கிடையாது. அண்டாவுக்கு வேலை இல்லையென்றால் அண்டாப் பங்கும் இல்லை. இறால் கம்பெனி எப்போது கூப்பிடும் என்று தெரியாது. கூப்பிட்டாலும் அந்த முதுகோடு எத்தனை நாள் போவாள்? கடைசித் தடவை சோறு கொடுத்துவிட்டு அண்டாவை அவள் வீட்டு வாசலில் இறக்கி வைத்தோம். “அடுத்த வருசம் தடைக்காலத்துக்கு வருவியள்லா?” என்று கேட்டாள். வருவோம் என்றேன். அடுத்த வருடம் வரை என்ன செய்வாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதல் படகுகள் கரைக்கு வருகிற அன்று காலையில், மீன் வாங்கப் போகலாம் என்று அண்ணாச்சியைக் கிளப்பினேன். அன்று வெள்ளிக்கிழமை, அவர் வீட்டில் மீன் ஆகாது. ஆகாத நாளில் மீன் வாங்க எதற்கு அவ்வளவு தூரம் என்று அவர் கேட்கவில்லை. வண்டியை எடுத்தார்.

கரையில் ஒரே கூட்டம். ஏலத்துக்குப் போகிற பெரிய மீன்களை ஒரு பக்கம் ஐஸ் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீடுகளுக்குக் கறி வைக்க எடுத்து வைத்த பாறை மீனையும் விளமீனையும் தார்ப்பாயில் கொட்டி, பெரியக்கா குத்தவைத்துக் கூறு போட்டுக்கொண்டிருந்தார். குளியாள் மனைவியும் வந்திருந்தாள். இடுப்பில் ஒரு சின்னக் கூடை. கூறு வாங்குகிற பெண்களோடு சேராமல், விலைக்கு வாங்க வந்த எங்களைப் போன்ற வெளியாட்கள் பக்கம் நின்றாள். கையில் ஏதோ சில்லறையை மூடிப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பெரியக்கா கூறு போட்டு முடித்தார். பிறகு குவியலிலிருந்து இன்னொரு கூறை ஒதுக்கினார். பக்கத்தில் நின்ற இளைய மகன் பார்த்தான்.

“யம்மா, இது யாருக்கு? போட்டுல போனவுக எல்லாருக்கும் ஆச்சே.”

“குளியாளுக்கு.”

“அவுக டவுன் போட்டுலலா போனாவ. நம்ம கூட வரலியே.”

“டவுனுக்குன்னு தனிக் கடலா கெடக்கு?” என்றார் பெரியக்கா. “கடல்ல அடிபட்டவனுக்கு எந்திரிக்கிற வரைக்கும் பங்கு உண்டா இல்லியா? ஒங்க அப்பனுக்குக் காலு ஒடிஞ்சு கெடந்தப்ப நீ தின்னது யாரு பங்கு?”

பெரியக்கா கூட்டத்தைப் பார்த்து, “ஏளா, இங்கன வா,” என்று கூப்பிட்டார். “ஒரு வருசமா மீன் வார நேரத்துல நீ கரைக்கே வரல. வராதவளுக்கு நான் எப்படிக் கூறு போட? இப்போ வந்துட்டல்லா. வந்து வாங்கு.”

அவள் முன்னால் வந்தாள். கூறைப் பார்த்தாள், பெரியக்காவைப் பார்த்தாள். கூடையை நீட்டவில்லை. இப்போதும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

“அக்கா,” என்றாள். “அவுக இனிமே எந்திரிக்க மாட்டாவ. டாக்டரு எங்கிட்ட சொல்லிட்டாரு. நான் யாருட்டயும் சொல்லல. அவுகளுக்கும் தெரியாது.”

ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். பெரியக்கா குனிந்த தலை நிமிராமல் ஒரு மீனின் மேல் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டு அதைக் கூறில் சேர்த்தார்.

“அப்போ இது எப்ப நிக்கும்னு நீயும் கணக்குப் பாக்காண்டாம், நானும் பாக்கல,” என்றார். “கூடைய நீட்டுளா.”

அவள் நீட்டினாள்.